புகைபோக்கிச் சுவருக்குள் ஒரு ஷூ

அன்புள்ள டார்கஸுக்கு,

நீயும் நம் குட்டி எட்னாவும் நலமா? அவளுடைய இருமல் நின்றதா? இங்கே பாஸ்டனுக்கு வடக்கே பனி தொடங்கிவிட்டது. நான் சௌக்கியம்.

நாங்கள் பழுதுபார்க்கும், முன்பு ஒரு செனட்டர் வாழ்ந்த பழைய வீட்டில் போன வாரம் புகைபோக்கியை இடித்தோம். சுவருக்குள் தேய்ந்துபோன ஒரு சின்ன ஷூ இருந்தது. கெட்டது எதுவும் வீட்டுக்குள் இறங்காதிருக்க அந்தக் காலத்தில் வைத்ததாம். செனட்டரின் மகளுடையது. அதை வைத்த குளிர்காலத்திலேயே அவள் இருமலில் போய்விட்டாளாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

மறுநாள் கொத்தனார் ஓபெட் ஏணியிலிருந்து விழுந்தார். கால் மட்டும்தான் முறிந்தது, பயப்படாதே. நேற்று அவரைப் பார்க்கப் போனேன்.

"அந்த எடத்தக் காலியா விடக்கூடாதுப்பா. நடந்து தேஞ்ச ஷூ ஒண்ணு வைக்கணும், அதுவும் புள்ளையோடது. ஒனக்குப் புள்ள இருக்கா?"

"இல்லீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்போ மரத்துல பொம்மை செதுக்குனியே, யாருக்கு?"

எனக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கொட்டகையில் கிடக்கும் என் பழைய பூட்ஸில் ஒன்றையும் அனுப்பு. சுவரில் அதை வைத்துவிடுகிறேன்.

எட்னாவின் ஷூக்களை வாசலில் விடாதே. உன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள். ஓபெட்டின் தம்பி சனிக்கிழமை நம் ஊர்ப்பக்கம் வருகிறாராம். நான் கேட்டதாகச் சொன்னாலும் கொடுக்காதே.

தபால் வண்டி கிளம்புகிறது. நான் யாரையும் அனுப்பவில்லை, டார்கஸ்.

உன்
ஈலை