தலை வைத்த பள்ளம்

ஜூலை 4
இலவம் பஞ்சு மறுபடி விலை ஏறிவிட்டது. மெத்தை விலையை ஏற்றினால் வாடிக்கை போகும். ஏற்றாவிட்டால் நான் போவேன்.

மதியம் அண்ணி கடைக்கு வந்தார். அண்ணன் இறந்துபோன பிறகு இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. கையில் அண்ணனுடைய தலையணை. "ஓரத்துல பிரிஞ்சிருக்கு தம்பி. ஒரு தையல் மட்டும் போட்டுக் குடுங்க" என்றார்.

அவர் போனதும் பிரித்துப் பார்த்தேன். பஞ்சு கட்டிதட்டி, நிறம் மங்கி, நடுவில் குழி விழுந்து கிடந்தது. ஊருக்கெல்லாம் மெத்தை விற்கிறவன் வீட்டுத் தலையணையா இது? உறையைத் தோய்க்கப் போட்டு, முதல் தரப் பஞ்சாக அடைக்கச் சொன்னேன். உறையில் ஒட்டியிருந்த நரைமுடி ஒன்றை ஊதித் தள்ளினேன்.

தையல்காரர், "தையல் மட்டும்தானே கேட்டாங்க?" என்று இழுத்தார். எங்க அண்ணிக்கு நான் செய்யாம வேற யார் செய்வா என்று அவர் வாயை அடைத்தேன்.

ஜூலை 6
தலையணையைக் கொடுத்தனுப்பினேன். காசு வாங்கவில்லை. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஜூலை 7
அண்ணியிடமிருந்து போன். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன். பழைய பஞ்சு எங்கே என்று கேட்டார். அந்த அழுக்கு எதுக்கு அண்ணி என்று சிரித்தேன். சிரித்தேனே!

 "அவர் தலை வச்ச பள்ளம் அதுல இருந்துச்சு தம்பி. முகத்த வச்சா அவர் வாசன வரும். அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

போனை வைத்துவிட்டார்.

ஜூலை 8
கிடங்கு முழுக்கத் தேடினேன். பழைய பஞ்சு என் கடையில் குப்பைக்குப் போகாது. எந்திரத்தில் கொடுத்து உதிர்த்து, மலிவு மெத்தையில் கலந்துவிடுவோம். எதையும் வீணாக்கக் கூடாது - நான் போட்ட சட்டம். அந்த மெத்தைகளும் விற்றுப்போய்விட்டன.

ஜூலை 9
முன்பு சரக்கெடுக்கப் போன ஓர் ஊரில் மகான் ஒருவருடைய ஒற்றை முடியைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, தெரு நீளத்துக்கு வரிசையில் நின்று கும்பிட்டார்கள். ஒரு முடிக்கு இவ்வளவு மவுசா என்று வியாபாரக் கணக்குப் போட்டேன் அன்றைக்கு.

நான் ஊதித் தள்ளியது எங்கே போய் விழுந்ததோ.

ஜூலை 10
ஒரு யோசனை. அதே மாதிரி உறையில் வேறு பழைய பஞ்சை அடைத்து, அண்ணன் தேய்க்கும் எண்ணெயை லேசாகத் தடவி, நானே தலை வைத்துப் படுத்தால்? எங்கள் இருவர் தலையும் ஒரே அச்சு என்று அம்மா சொல்வாள்.

ஜூலை 14
பள்ளம் நன்றாக விழுந்திருக்கிறது. மனைவி பார்த்துவிட்டாள். "இதுலயும் போலிச் சரக்கா?" என்றாள்.

ஜூலை 15
கொண்டுபோனேன். "பழைய பஞ்சு ஒரு மூலையில கெடந்துச்சு அண்ணி" என்றேன். எத்தனையோ பேரிடம் சரக்கு தள்ளிய வாய், தடுமாறவே இல்லை.

வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். எடுத்தார். "படுத்த படுக்கையானதுக்கு அப்புறம் அவர் எண்ணெயே வைக்கல தம்பி. தலை பாரமா இருக்குன்னு."

எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? எட்டிப் பார்த்திருந்தால்தானே. பணம் அனுப்பினேன், பழம் அனுப்பினேன்.

"இதுல யார் படுத்தது?" என்றார்.

நான்தான் என்றேன்.

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அவர் இருந்தப்ப ஒரு நாள் வந்து பக்கத்துல படுத்திருக்கலாமே தம்பி. உங்களத்தான் கேட்டுட்டே இருந்தார்."

செருப்பை மாட்டக் கால் வரவில்லை.

ஜூலை 16
கடைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 2
பழைய தலையணை யார் கொண்டுவந்தாலும், யாருடையது, பஞ்சை எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கத்திரி. தையல்காரரிடம் சொன்னேன். அவர் எப்போதோ கேட்க ஆரம்பித்துவிட்டாராம்.

செப்டம்பர் 11
அண்ணி வந்தார். அண்ணனுடைய துண்டு, ஓரம் நைந்துபோனது. மடித்துத் தைக்க வேண்டும். எந்தத் தையல் கடையிலும் செய்வார்கள், இங்கே கொண்டுவந்திருக்கிறார். வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். "இல்ல, என் கண்ணு முன்னாடியே தைங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நானே தைத்தேன். அவர் கண் என் கையை விட்டு நகரவில்லை. நகர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நைந்த ஓரத்தில் தொங்கிய பழைய நூலை வெட்டியபோது துணுக்கு கீழே விழுந்தது. குனிந்து தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கைப்பையின் உள்ளறையில் அதை வைத்து ஜிப்பை இழுத்தார். "ம், தைங்க" என்றார்.