மாடி அறைக்கு நான் எழுதிய வாடகை

ஜூலை 7, திங்கள்

மாடி அறையை அம்மா வாடகைக்கு விடப்போகிறாள். திருபுவனை கம்பெனியில் வேலை செய்யும் மூன்று பையன்களுக்கு, மாதம் ஐயாயிரம். தரகர் பாக்யராஜ் வந்து சுவரையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

என் புத்தகங்கள்?

"கட்டிலுக்கு அடியில தள்ளுடி. புக்கு இன்னா, வாடகையா குடுக்குது?"

என் வருமான வரிக் கணக்கின்படி அந்த அறை இரண்டு வருடமாக வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இதை எப்படிச் சொல்வது?

ஜூலை 9

மாட்டிக்கொண்டேன்.

வாடகை கொடுப்பதாகக் காட்டினால் வரி குறையும், ஆபீஸில் எல்லோரும் செய்கிறார்கள் என்று கூட வேலை செய்யும் செல்வகுமாரி சொன்னாள். வீடு அம்மா பெயரில். அவள் பான் எண்ணைப் போட்டு மாதம் ஒன்பதாயிரம் என்று எழுதினேன். பத்து என்றால் பேராசையாகத் தெரிந்தது — பொய்யிலும் ஓர் அடக்கம்!

இன்று அம்மாவின் போனுக்கு வரித்துறையிலிருந்து ஆங்கிலத்தில் மெசேஜ். அதைப் படித்துக் காட்டச் சொல்லி ஹாஜா மைதீன் பிரவுசிங் கடைக்குப் போயிருக்கிறாள். அவர், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னாக்கா, பொண்ணுகிட்டேருந்து மாசம் ஒம்போதாயிரம் வாடகை வருதாம், சொல்லவேயில்ல?" என்றாராம்.

வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டாள்: "எங்கடி என் காசு?"

எல்லாவற்றையும் சொன்னேன். கவர்மெண்டையே ஏமாத்தினியா என்று கத்துவாள் என நினைத்தேன்.

"அந்த ரூமு ஒம்போதாயிரம் போவுமா? அந்த பாக்யராஜு அஞ்சுன்னு என்ன ஏமாத்தப் பாத்தான் பாரு!"

ஜூலை 12, சனி

ஹாஜா மைதீன் கடையில் உட்கார்ந்து இரண்டு வருடக் கணக்கையும் திருத்திப் போட்டேன். வாடகை: இல்லை. குறைத்துக் கட்டிய வரி, வட்டி, தாமதத்துக்கு அதற்கு மேலும் ஒரு தொகை. புது வண்டிக்குச் சேர்த்தது முழுவதும் போயிற்று.

பழைய ஸ்கூட்டி இன்னும் ஒரு வருடம் இருமட்டும்.

ஜூலை 13

பையன்கள் அறை பார்க்க வந்தார்கள். அம்மா நிமிர்ந்து நின்று, "மாசம் ஒம்போதாயிரம்" என்றாள்.

பாக்யராஜ் திகைத்துப்போனார். "யாருக்கா குடுப்பா ஒம்போது?"

"கவர்மெண்ட்டு ரெக்கார்டுலயே கீதுய்யா!"

பையன்கள் செருப்பைத் தேடினார்கள். அந்தப் பதிவை நேற்றே நான் அழித்துவிட்டதை ஞாபகப்படுத்தவில்லை. ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்?

ராத்திரி சோறு போடும்போது அம்மா சொன்னாள்: "அப்ப நீயே குடு. ரேட்டு போட்டவ நீதான?"

ஜூலை 19

ஒரு வாரப் பேரம். மழைக்கு ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் ஏறுவதில்லை, ஜன்னல் கொக்கி இல்லை — எல்லாவற்றையும் அடுக்கினேன்.

"பொறந்ததுலேருந்து இங்கதான கீற? இப்பதான் ஒழுகுதா?"

"இப்பதான காசு கேக்குற?"

நாலாயிரத்தில் முடிந்தது. என் பக்கம் ஒரே ஒரு நிபந்தனை: தட்டாமல் உள்ளே வரக் கூடாது.

"என் வூட்ல நான் தட்டணுமா?"

"வாடகை வாங்கினா தட்டணும்."

ஆகஸ்ட் 1

காலையில் அம்மாவின் பேங்க் கணக்குக்கு நாலாயிரம் அனுப்பினேன். இதை அடுத்த வருடம் கணக்கில் காட்டலாம். பயப்படாமல்.

சாயங்காலம் படித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். இத்தனை வருடத்தில் இந்தக் கதவு அப்படி ஒரு சத்தம் போட்டதே இல்லை.

"வாடகை வந்துச்சி. கொத்தனாரு திங்கக்கிழம வரான், ஒழுகுறதப் பாக்க." வாசலிலேயே நின்றாள். "உள்ள வரலாமா, இன்னா?"

கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நடித்தேன்.

"வாங்க, ஓனரம்மா."