சூடு ஆறாத இருக்கை

ஜனவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டால்தான் பதில் வருவதில்லையே!

வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது. கூடவே உங்கள் உதவி நிதியின் முத்திரை குத்திய கடிதம் ஒன்று: "மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு." என் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தே கை காய்த்துப்போன மனிதருக்கு நான் எப்போது மதிப்பிற்குரியவள் ஆனேன்? அக்கா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அவள் பெயரில் நீங்கள் நடத்தும் சிறு நிதியிலிருந்து எத்தனையோ பள்ளிகளுக்கு நுண்ணோக்கியும் தொலைநோக்கியும் போயிருக்கின்றன. அவள் வேலை பார்த்த பள்ளிக்கு, அவள் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் நான் கேட்ட பிறகுதான் எதுவும் வந்தது. இது குறை இல்லை. சரி, குறைதான்.

ஒன்பதாம் வகுப்புக்குத் திட்டம் எளிது. இந்த மலைக் குளிரில் எங்கள் கட்டடத்துச் சூடெல்லாம் எந்தச் சந்து வழியாக ஓடிப்போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேமராவில் குளிர்ந்தது நீலமாகவும் சூடானது ஆரஞ்சாகவும் தெரிகிறது. முதல் நாளே தலைமை ஆசிரியரின் வழுக்கை ஜெகஜோதியாகத் தெரிந்தது. "சார், உங்க தலை வழியாத்தான் சார் எல்லா சூடும் போகுது" என்றான் ஒருவன். அவரே சிரித்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாயாடி மச்சினி


ஜனவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

அந்தக் கடிதம் எழுதியவர் எங்கள் கணக்கர். அவர் தன் மனைவிக்குக்கூட அப்படித்தான் எழுதுவார் என்று நினைக்கிறேன். மன்னித்துவிடு.

உன் பள்ளிக்கு முன்பே அனுப்பியிருக்கலாம்தான். விண்ணப்பம் கேட்டு எழுத உட்காருவேன்; உறையின் மேல் அந்தப் பள்ளியின் பெயரை எழுத முடியாது. பேனாவை மூடி வைத்துவிடுவேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

இன்னொரு செய்தி. இந்த ஆண்டோடு நிதியை மூடிவிடலாம் என்றிருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பிள்ளைகள் வேலை செய்யும் படங்கள் இரண்டு மூன்று அனுப்பு. நிதியின் கடைசி ஆண்டு மலரில் போடலாம்.

பல்வலி குறைந்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அத்தான்


ஜனவரி 28

அன்புள்ள அத்தானுக்கு,

நிதியை மூடுவதைப் பற்றிச் சண்டை போடத்தான் காகிதத்தை எடுத்தேன். அதற்குள் இங்கே வேறொன்று நடந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை முதல் பாடவேளை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹீட்டர் அணைந்து ஆய்வகம் ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. நான்தான் பூட்டைத் திறந்தேன். ஒரு பெண் கேமராவை வைத்து அறையைச் சுற்றிலும் பார்த்தாள். சுவர் நீலம், மேசை நீலம், ஸ்டூல்கள் நீலம். கடைசி வரிசைக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"மிஸ், அங்க யாரோ உக்காந்திருந்திருக்காங்க."

ஒரு ஸ்டூலின் மேல் ஆரஞ்சு வட்டம். இப்போதுதான் எழுந்துபோன மாதிரி. பக்கத்து ஸ்டூலிலும் ஒன்று. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். ஒருவன் போய்த் தொட்டுப் பார்த்தான். "சூடா இருக்கு மிஸ்" என்றான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் நான் மட்டும் சீக்கிரம் போனேன். அதே இரண்டு ஸ்டூல்கள், அதே சூடு. இந்த முறை மேசையிலும் ஒரு கைத்தடம் இருந்தது. ஐந்து விரலும் விரித்து ஊன்றிய பெரிய கை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நுனிகளிலிருந்து மெல்ல நீலமாகிக்கொண்டு வந்தது. ஓடவும் தோன்றவில்லை, கத்தவும் தோன்றவில்லை. படம் எடுத்தேன்.

சாவி காவலரிடமும் என்னிடமும்தான் இருக்கிறது. "நான் அந்தப் பக்கமே போகல டீச்சர்" என்கிறார் அவர். தலைமை ஆசிரியரோ, "மெஷின்ல ஏதோ கோளாறு. திருப்பி அனுப்பிடுங்க" என்கிறார். கோளாறு என்றால் தொட்ட பையனின் கையிலுமா கோளாறு?

உங்களுக்கு இந்தக் கருவிகள் பழக்கம். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
மச்சினி


பிப்ரவரி 5

அன்புள்ள மச்சினிக்கு,

கேமராவை நானே சோதித்துத்தான் அனுப்பினேன். பளபளப்பான பரப்பில் எதிரில் நிற்பவரின் சூடு பிரதிபலிக்கும். தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் போனாலும் இப்படித் தெரியலாம். ஸ்டூல்களை இடம் மாற்றிப் பார்.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படி. நான் மறுமணம் செய்துகொள்ளப் போகிறேன். பல்வலி என்று போனேன். வைத்தியம் பார்த்த பல் மருத்துவரோடு பேச்சு வளர்ந்தது. அவளும் துணையை இழந்தவள். நிதியை மூடுவதற்கும் இதுதான் காரணம். ஒருத்தியின் பெயரில் காசோலை எழுதிக்கொண்டே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்த எனக்குத் தெரியாது.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று மாதக்கணக்காகத் தயங்கினேன். அதற்குள் உன்னிடமிருந்து இப்படி ஒரு கடிதம். உன் அக்கா வேலை பார்த்த ஆய்வகத்தில், காலி இருக்கையில் சூடு என்று. யாராவது உன்னிடம் கல்யாணச் செய்தியைச் சொன்னார்களா? சொல்லியிருந்தால் நேராகவே கேட்டிருக்கலாம். என்னை இப்படிச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

அத்தான்


பிப்ரவரி 16

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, இனி உங்களுக்கு எழுதுவதே இல்லை என்று இருந்தேன். கல்யாண விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் எழுத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வருத்தப்பட்டேனா என்றால், கொஞ்ச நேரம். ஆனால் செத்துப்போன அக்காவை வைத்து நான் நாடகம் ஆடுவேன் என்று நினைத்தீர்களே, அது தைத்த இடம் இன்னும் வலிக்கிறது.

இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் சொன்னபடி ஸ்டூல்களை ஜன்னல் பக்கம் மாற்றினேன். மறுநாள் காலை பூட்டைத் திறந்ததும் கேமராவைத் தரைக்குத் திருப்பினேன். காலடிகள்! வெறுங்கால், சின்னப் பாதம். ஜன்னலோரத்து ஸ்டூலிலிருந்து கிளம்பி நேராகப் பின்னால் இருக்கும் சாமான் அறைக்குப் போயின. சாவிச் சத்தம் கேட்டு ஓடியிருக்கிற காலடி. காவலரைக் கூப்பிட்டேன். உடைந்த அடுப்புகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால், பழைய திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தாள் என் ஒன்பதாம் வகுப்பு மாணவி.

உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று வீட்டில் சொன்னதை நாங்களும் நம்பி விடுப்பு போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். சித்தப்பா வீட்டில் அடி. முதுகைப் பார்த்தேன், எழுத மனம் வரவில்லை. கொக்கி உடைந்திருந்த பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே வந்திருக்கிறாள். பிஸ்கட்டும் குழாய்த் தண்ணீரும்தான் சாப்பாடு.

மருத்துவமனையில் சேர்த்தோம். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போயிற்று. அவள் அம்மா கிளம்பி வரும்வரை என்னோடு இருக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். கேமரா இல்லாவிட்டால் பிணத்தைத்தான் எடுத்திருப்போம். உங்கள் நிதி ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அத்தான். மூடுவதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. ஆனால் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தக் குளிர்ல, இந்தத் துணியோட, அவ உடம்பு எப்பவோ விறைச்சுப் போயிருக்கணும். யாரு கூட இருந்தது?" என்றார்.

அவளிடம் கேட்டேன். "அந்த மிஸ் இருந்தாங்களே" என்றாள்.

"எந்த மிஸ்?"

"பேரு தெரியாது மிஸ். நான் அழுதா பக்கத்துல வந்து உக்காருவாங்க. என் கைய எடுத்து அவங்க ரெண்டு கைக்குள்ள வச்சுக்குவாங்க. தூங்கிடாதே, எதாவது பேசுன்னு சொல்லிட்டே இருப்பாங்க. நீங்க கதவைத் திறந்தா மட்டும் இருக்க மாட்டாங்க."

ஜுரத்தில் உளறுகிறாள் என்று மருத்துவர் எழுதிக்கொண்டார். நானும் தலையாட்டினேன். ஆனால் அத்தான், தரையில் பார்த்த காலடி ஒருத்தியுடையதுதான். உட்கார்ந்த தடம் தினமும் இரண்டு. மேசையில் ஊன்றியிருந்த கையும் அந்தக் குழந்தையின் கை இல்லை. அதைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம்.

மச்சினி


பிப்ரவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

நான் எழுதிய வார்த்தைகளுக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

படத்தைப் பார்த்தேன். சுண்டுவிரலைக் கவனித்தாயா? மற்ற விரல்களோடு சேராமல் வெளியே வளைந்து நிற்கிறது. கல்யாணமான புதிதில் உன் அக்காவுக்குக் கார்க் கதவில் நசுங்கி, கட்டுப்போட்டும் நேராகாத விரல் அது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் தெருவைக் கடப்பேன். கேலி செய்வாள்.

உன்னிடம் சொல்லாமல் போன ஞாயிற்றுக்கிழமை உன் பள்ளிக்கு வந்தேன். நீ அந்தப் பெண்ணோடு மருத்துவமனையில் இருப்பாய் என்று தெரிந்தே வந்தேன். காவலர் நல்ல மனிதர். கேமராவையும் எடுத்துக் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். அந்த ஜன்னலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். பக்கத்து ஸ்டூலைக் காலியாக விட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், பல் மருத்துவரைப் பற்றியும். இருட்டத் தொடங்கும்வரை காத்திருந்தேன். கேமராவில் நான் மட்டும்தான் ஆரஞ்சாக இருந்தேன். பக்கத்தில் எதுவும் இல்லை. என் உள்ளங்கை படிந்த இடம்கூடக் கையை எடுத்ததும் ஆறிப்போயிற்று.

ஒரு மாணவிக்காக வந்திருக்கிறாள். எனக்காக வரவில்லை. அவள் என்மேல் கோபமாக இருக்கிறாளா, என்னைப் போகச் சொல்கிறாளா, ஒன்றும் புரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் வந்துபோன பிறகு அந்த அறையில் ஏதாவது பார்த்தாயா? உள்ளதை எழுது. சின்னத் தடம் என்றாலும் சரி. இருந்தால் நான் இந்தக் கல்யாணத்தை நிறுத்திவிட்டு அங்கேயே வந்துவிடுகிறேன். பள்ளிக்கு எதிரில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அத்தான்


மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க மாட்டேன் என்று எழுதும்போதே தெரிகிறது. யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வந்ததைத் திங்கட்கிழமை காலையே காவலர் சொல்லிவிட்டார். "பாவம் டீச்சர், அவர் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தாரு" என்றார். பிள்ளைகள் வருவதற்குள் கேமராவோடு உள்ளே போனேன். நீங்கள் உட்கார்ந்த ஸ்டூல் நீலம். பக்கத்து ஸ்டூலும் நீலம். அப்பாடா என்று திரும்பினேன். அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன்.

பேருந்து நிறுத்தம் தெரியுமே, அந்த ஜன்னல். கண்ணாடி முழுக்கக் கறுத்த நீலம். அதன் நடுவில் இரண்டு கைகள். விரல்களை விரித்து, அழுத்தி. இடது கையில் சுண்டுவிரல் வளைந்திருந்தது. கைகளுக்கு மேலே, நெற்றியைச் சாய்த்துக்கொண்ட மாதிரி ஒரு சின்ன வட்டம். நீங்கள் பேருந்து ஏறிப் போவதை யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள். விடிந்த பிறகும் நின்றிருக்கிறார்கள்.

நான் என் கையை அதன்மேல் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. "அக்கா" என்று கூப்பிட்டேன். மணி அடித்தது. பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டதும் என் உள்ளங்கைக்குக் கீழே கண்ணாடி சில்லென்று ஆகிவிட்டது.

உங்கள் பக்கத்தில் அவள் வந்து உட்காரவில்லை. உட்கார்ந்தால் நீங்கள் எழுந்து போக மாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரியாதா? இதைச் சொன்னால் எதிரில் அறை எடுத்துவிடுவீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் வருவீர்கள். உங்களையும் ஒரு நாள் அந்த ஸ்டூலிலிருந்து நாங்கள் தூக்க வேண்டியிருக்கும்.

எடுத்த படத்தை அழித்துவிட்டேன்.

வாயாடி


மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மன்னிப்பெல்லாம் எதற்கு? திட்டிக்கொள்ள நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தப் பெண் தேறிவிட்டாள். இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிடுகிறாள். அடுத்த வாரம் அவள் அம்மா வந்துவிடுவாள். பின் ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று.

நிதியை மூடுவதானால், உங்கள் பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மூடுங்கள். அவள் வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிச் சொன்னால் அவளை எனக்குப் பிடித்துவிடும்.

ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் வந்துபோன மறுநாள் காலை நானே அறை முழுவதும் பார்த்தேன். எங்கும் ஒன்றும் இல்லை, அத்தான். எல்லாம் நீலம்தான்.

கல்யாணத் தேதியை எழுதுங்கள். நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாயாடி மச்சினி