தரம் பிரித்தவர்: சுடலைமுத்து

ஜூலை 4, 1966, திங்கள்

காலையிலிருந்து பம்பாய் முழுக்க மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் இல்லை. சயான் ஆபீஸ் வரைக்கும் நடை. குடையில் ஒரு கம்பி போயிற்று.

பதினெட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே. கமலா இந்த நோட்டைத் தொடமாட்டாள், ஆபீஸ் சமாசாரம் என்று நினைப்பு.

முதலாளி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் கூட்டம். அவர் பேசுகிறார். வெளிநாட்டில் நம் நாட்டைத் தப்பாக நினைக்கிறார்கள், அதை மாற்றக் குடிமக்கள் என்ன செய்யலாம் என்பது தலைப்பு. பேச்சை எழுதித் தர வேண்டியது நான்.

"ஐயரே, போன மாசம் ரூபா மதிப்பையே கொறச்சிட்டான் கவர்மெண்டு. இனிமே எக்ஸ்போர்ட்காரன்தான் நாட்டோட முகம். அந்த வரி மொதல்லயே வரணும். வெள்ளக்காரன் நம்மளப் பாம்பாட்டி, பிச்சக்காரன்னு நெனைக்கான் பாருங்க, அதப் போட்டுத் தாக்கணும்."

"சரி."

"கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒரு எடமும் வேணும்."

பி.ஏ. ஆனர்ஸ், ஆங்கில இலக்கியம். தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதம் எழுதுகிறேன். உறவுக்காரர்களிடம் கமலா 'எக்ஸ்போர்ட் ஆபீஸ்' என்பாள். எதை எக்ஸ்போர்ட் செய்கிறார்கள் என்று யாராவது கேட்பதற்குள் காப்பி கொண்டுவர எழுந்துவிடுவாள். வீட்டுக்குள்ளேயே ஒரு வெளியுறவுத் துறை.

சாயங்காலத் தபாலில் இங்கிலாந்துக் கிழவரின் பதில். பிரிக்க மனமில்லை. நாளைக்கு.

ஜூலை 5, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கால் வலி.

கடிதத்தைப் படித்தேன். இரண்டு தரம்.

கிழவருக்குக் கையுறை தைக்கும் சிறு பட்டறை. அவர், அவருடைய தங்கை, ஏழெட்டுத் தையற்காரப் பெண்கள். மார்ச்சில் நாங்கள் கட்டி அனுப்பிய ஆட்டுத்தோல் கட்டுகளில், எங்கள் பாஷையில் பேல்களில், மேலே கொஞ்சம், அடியில் கொஞ்சம் முதல் தரம். நடுவில் முழுக்க மூன்றாம் தரம். அம்மை வடு, கத்தி வெட்டு, ஓட்டை. கையுறைக்கு உதவாது. முறையிட்டு எழுதினார். மே மாதம் நான் பதில் எழுதினேன். என் வழக்கமான வாக்கியம்: தவறு செய்த தொழிலாளி வேலையிலிருந்து நீக்கப்பட்டான். இந்தப் பதினெட்டு வருஷத்தில் இப்படி எத்தனையோ பேரை நீக்கியிருக்கிறேன். ஒருவனும் ஒருநாள்கூட வேலை இழந்ததில்லை. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று எனக்கு அதில் ஒரு பெருமைகூட.

இந்தத் தடவை 'ஆறு பிள்ளைகளின் தகப்பனாக இருந்தும்' என்று சேர்த்திருந்தேன். வாக்கியம் அந்த இடத்தில் ஒரு கனம் கேட்டது.

கிழவர் இப்போது எழுதியிருப்பது: தோல் போனால் போகட்டும். நஷ்டத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். திரு. சுடலைமுத்துவை எப்படியாவது திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு குழந்தைகள் நம்மால் பட்டினி கிடக்கின்றன என்று என் தங்கைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பேலுக்குள்ளும் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு வைக்கிறோம். 'தரம் பிரித்தவர்: சுடலைமுத்து.' அதுவும் என் யோசனைதான். ஒரு மனிதனின் பெயர் இருந்தால் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை வரும் என்றேன். வந்துவிட்டது.

சுடலைமுத்து தாராவி கோடௌனில் இருக்கிறான். குடியிருப்பு லேபர் கேம்ப். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். தோலை வெளிச்சத்தில் விரிப்பான், விரல் நுனியால் ஒரு தடவு, தரம் சொல்லிவிடுவான். தப்பியதாக எனக்கு நினைவில்லை. அவன் பிரித்து அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் மானேஜர் வந்து பேல் கட்டச் சொல்வான். நடுவில் எது போகிறது என்பது அப்போது முடிவாகும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மானேஜர் முதலாளியின் அக்கா மகன். அந்த நாற்காலி எனக்கென்று சொல்லப்பட்டபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

கடிதத்தை முதலாளியிடம் (இனி இங்கே மு.) படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெட்கம் என்று நினைத்தேன். பிறகு மேஜையில் ஒரு தட்டு.

"தங்கமான மனுசன்யா! திரும்பச் சேத்துக்கிட்டோம், உங்க புண்ணியம்னு எழுதும். குடும்பத்தோட ஒரு போட்டோவும் வச்சு விடுவோம். அப்படியே அடுத்த ஆர்டரயும் கேட்டிரும்."

ஜூலை 7, வியாழன்

தாராவி. சேறு. செருப்பு வார் அறுந்தது.

சயானிலிருந்து போட்டோக்காரன். சுடலைமுத்து வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தான். கூட மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், சிவப்பு ரிப்பன்.

மானேஜர்: "ரெண்டுதானா? லெட்டர்ல ஆறுன்னுல்லா போயிருக்கு."

என்னைப் பார்த்தான். நான் வார் அறுந்த செருப்பைப் பார்த்தேன்.

பக்கத்துச் சந்திலிருந்து நாலு பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது: "மாமா, முட்டாய் எப்பத் தருவீய?"

மானேஜர் சுடலைமுத்துவிடம்: "சட்டயக் கழட்டுடே."

"எதுக்கு சார்? நல்ல சட்டதான?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். கழட்டு. ஏ பிள்ள, ரிப்பன அவுரு."

மனைவி ஏதோ முணுமுணுத்தாள். சுடலைமுத்து அவளைப் பார்த்து "சும்மா இரு" என்றான். சட்டையை மடித்து அவளிடம் கொடுத்தான். விலா எலும்பு தெரிந்தது. போட்டோக்காரன் "ஹஸ்னா மத், ஹஸ்னா மத்" என்று, சிரிக்கக் கூடாதென்று, இந்தியில் அதட்ட அதட்டப் பிள்ளைகளுக்கு இன்னும் சிரிப்பு. கடைசியில் சின்னவள் ரிப்பன் போன துக்கத்தில் அழுதாள். அப்போது எடுத்தான்.

முடிந்ததும் சுடலைமுத்து என்னிடம் வந்தான். "எதுக்கு சாமி இந்தப் போட்டோ?"

"கம்பெனி ஆல்பத்துக்குப்பா."

இதற்கு யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தானாக வந்தது.

ஜூலை 9, சனி

அரை நாள் ஆபீஸ். போட்டோவும் பதிலும் ஏர்மெயிலில் போய்விட்டன. பதில் என்னுடையதுதான். நல்ல ஆங்கிலம்.

பிற்பகல் ரேஷன் கியூ. அரிசி இல்லை, அமெரிக்கக் கோதுமை உண்டு. நின்றபடியே பேச்சுக்குக் குறிப்பு:

— ஒவ்வொரு குடிமகனும் ஒரு தூதுவன்.
— வெளிநாட்டார் எதிரில் துப்பாதிருத்தல். (உள்ளூர்க்காரர் எதிரில்?)
— நம் வறுமையைப் படம் பிடித்து அச்சடிக்கும் அயல்நாட்டுப் பத்திரிகைகளைக் கண்டித்தல். வியாழக்கிழமை எடுத்த படம் இதில் சேராது. அதை நாமே எடுத்து, நாமே ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினோம்.
— சொன்ன சொல் தவறாமை. காலையில் காட்டிய வரைவிலேயே மு. இதை அடித்துவிட்டார். "ஏற்கெனவே நீளமா இருக்கு."

பாம்பாட்டி என்று வெள்ளைக்காரன் நினைக்கிறானாம். பாம்பாட்டியாவது கூடையைத் திறந்தால் பாம்பைக் காட்டுகிறான். என்னைப் பேசச் சொன்னால் ஒரே வரிதான்: மேலே இருப்பதையே நடுவிலும் வை. அதற்குக் கூட்டம் வேண்டாம், மாலை வேண்டாம், மைக் வேண்டாம்.

கோதுமையில் கல். கமலா புடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 10, ஞாயிறு

கூட்டம். ஹால் நிறைந்திருந்தது, வெளியே மழை என்பதும் காரணம். மைத்துனர் வந்திருந்தார். பாங்க் உத்தியோகம், முன் வரிசை. எனக்கு ஆறாவது வரிசை.

மு. பாதி வரைக்கும் நான் எழுதியதைப் படித்தார். பிறகு காகிதத்தை மடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வர வேண்டிய இடம்.

"என் கம்பெனியிலயே நடந்தது சொல்றேன். சுடலைமுத்துன்னு ஒரு தொழிலாளி. அவனோட அஜாக்கிரதையால அம்புட்டுச் சரக்கும் கெட்டுப்போச்சு. போனது சரக்கா? நாட்டோட பேரு! அன்னைக்கே வேலைய விட்டு எடுத்தேன். ஆனா பாருங்க, ஆறு பிள்ளைக்காரன்..."

குரல் நடுங்கிற்று. நடிப்பில்லை. அவர் நம்பிவிட்டார். என் கடிதத்தை முதலில் நம்பியவர் இங்கிலாந்தில் இருக்கிறார், இரண்டாமவர் மேடையில்.

எனக்குப் பின்னால் இரண்டு பேர்:

"எவ்வளவு பெரிய மனசு ஓய்!"

"யாருக்கு, வெள்ளைக்காரனுக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

"அந்தத் தொழிலாளியை நாலு சாத்துச் சாத்தணும். இவனுகளாலதான் நம்ம மானம் போறது."

கைதட்டல். நானும் தட்டினேன். மைத்துனர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 12, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கமலா: "ஏன்னா, யாரோ வந்திருக்கான். மாடிப்படியிலயே நிக்கறான்."

சுடலைமுத்து. அதே வெளுத்த சட்டை. உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், சொல்லவில்லை.

"சாமி, கூட்டத்துல மைக்கு கெட்டுனவன் எங்க லைன் பய. எம்பேரச் சொன்னாகளாம்லா?"

"ஆமாம்ப்பா."

"நான் சரக்கக் கெடுத்தேனாம். என்னய நிப்பாட்டிட்டு, பொறவு சேத்துக்கிட்டாகளாம். நான் என்னைக்கி சாமி நின்னேன்? காச்சல்ல கெடந்தப்பக்கூட வந்தேன்."

துண்டால் முகத்தை இன்னொரு தடவை துடைத்தேன்.

"மொதலாளி சொன்னாச் சொல்லிட்டுப் போறாக. இங்கன என்னயத் தெரியும். மூணாம் நம்பர நடுவுல வச்சது யாருன்னு தாராவி பூராத் தெரியும். ஆனா அந்தப் போட்டோ வெள்ளக்காரன் ஊருக்குல்லா போயிருக்காம், அந்த ஊருல எனக்கு யாரு இருக்கா? சீட்டுல எம்பேரு மட்டுந்தான இருக்கு?"

"அந்தப் பெரியவருக்கு உன்மேல கோபமே இல்லப்பா. உனக்காகப் பரிஞ்சுதான் எழுதியிருக்கார்."

"அதுதான் சாமி பொறுக்க முடியல. கோவப்பட்டாருன்னா சரி, மறுசரக்கப் பாத்து ஆறிரும். பாவம்னுல்லா நெனச்சிட்டாரு! தொழிலுந் தெரியாதவன், சட்டையும் இல்லாதவன்னு."

பக்கத்துக் கதவு திறந்து மூடிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எல்லா லெட்டரும் எழுதுதது நீங்கதானாம். சண்டைக்கி வரல சாமி. இன்னொண்ணு எழுதுங்க. சுடலமுத்து சரியாத்தான் பிரிச்சான்னு எழுதுங்க. பிள்ள ரெண்டுதான்னு எழுதுங்க. கீழ ஒங்க பேரப் போடுங்க."

"என் பேர் எதுக்குப்பா?"

"எம்பேரு அங்க போயிருக்குல்லா. ஒங்க பேரும் போட்டும்."

காப்பி சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று இறங்கிப் போனான்.

ஜூலை 13, புதன்

அரை நாள் லீவு. வயிற்றுவலி என்று சொல்லி.

எழுதினேன். ஆபீஸ் டைப்ரைட்டர் ஆகாது. என் கையெழுத்தும் மு.க்குத் தெரியும். அதனால் எல்லாம் தனித்தனிப் பெரிய எழுத்துகளில், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி. தோல்களைச் சுடலைமுத்து ஒழுங்காகப் பிரித்தார். நடுவில் வைத்தது வேறு கை. அவர் ஒருநாளும் நீக்கப்படவில்லை. குழந்தைகள் இரண்டு. மற்ற நாலும் இரவல். அவரிடம் நல்ல சட்டை இருக்கிறது, போட்டுக்கொண்டுதான் வந்தார். அடுத்த ஆர்டர் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். உங்கள் தங்கையைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம்தான். இத்தனை வருஷத்தில் நான் எழுதிய கடிதங்களில் அலங்காரம் இல்லாத ஒன்று. படித்துப் பார்த்தபோது நன்றாக இருந்தது. அதுவும் ஆத்திரமாக வந்தது.

கமலா அரிவாள்மணையை நகர்த்திவிட்டு வந்து பார்த்தாள். சொன்னேன். எல்லாவற்றையும், முதல் தடவையாக.

"பேர் போடப் போறேளா?"

"போட்டா அவனுக்கு ஆபத்து. அவன் தூண்டித்தான் எழுதினேன்னு நெனைப்பா."

"அவன்தானே போடச் சொன்னான்? ஒங்களுக்கு ஆபத்துன்னு சொல்லுங்கோளேன்."

பிறகு சுவரைப் பார்த்தாள். இந்த இரண்டு அறையும் மு. தம்பியின் கட்டடத்தில். அவர் சொல்லித்தான் கிடைத்தது. போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

எனக்கு நாற்பத்தொன்பது. என்னை யார் எடுப்பார்கள்?

ஜூலை 14, வியாழன்

மறுபடியும் மழை. ஆபீஸில் சுடலைமுத்து வந்த பேச்சே இல்லை. மானேஜர் அடுத்த பேல்களுக்குச் சீட்டு கேட்டான். அதே பெயரில். அடித்துக் கொடுத்தேன்.

கிழவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கண்ணியமான மனிதர். பெயரில்லாத கடிதத்தை அப்படியே கம்பெனிக்கு அனுப்பி, 'இதற்கு உங்கள் விளக்கம் என்ன?' என்று கேட்பார். மு. அதை என் மேஜையில் வைப்பார். வேறொரு ஊர்க்காரர் விஷயத்தில் நாலு வருஷம் முன்பு அப்படி ஒன்று வந்தது. நான் எழுதிய பதிலின் நகல் ஃபைலில் இருக்கிறது: போட்டி வியாபாரியின் பொறாமை, உண்மை பேசுகிறவன் தன் பெயரைச் சொல்ல ஏன் அஞ்ச வேண்டும்?

நல்ல வாக்கியம். மறுபடி அதைத்தான் எழுதச் சொல்வார்கள். எழுதுவேன்.

கவரில் ஸ்டாம்பு ஒட்டியாயிற்று, இன்னும் மூடவில்லை. கடைசி வரிக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் இருந்தது. சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மை காய்ந்தது.

நாலு மணிக்குத் தபால் பெட்டியைத் திறந்து எடுப்பார்கள். பெயர் போடாமல்தான் சேர்க்கப் போகிறேன்.