ஒரு நாள் அவகாசம்

செப்டம்பர் 6, புதன்

இன்றும் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நின்றேன். என் பழைய கல்லூரி டன்மோரில் மொத்தமே ஐந்நூற்று நாற்பது பேர். எந்த நாற்காலி காலியோ அதில் உட்கார வேண்டியதுதான், பக்கத்தில் கணக்குப் பேராசிரியரே இருந்தாலும். இங்கே வெஸ்காட்டில் ஹாக்கி ஆடுகிறவர்களுக்கு ஒரு மேசை, நாடகக்காரர்களுக்கு ஒன்று, பணக்காரப் பிள்ளைகளுக்கு ஜன்னலோரம். யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மே மாதம் டன்மோரை இழுத்து மூடிவிட்டார்கள். மூன்றாம் ஆண்டுக்கு எங்களில் பதினொரு பேரை வெஸ்காட் சேர்த்துக்கொண்டது. "அகதிங்க வந்தாச்சு" என்று அந்தப் பதினொரு பேரில் ஒருவனான சைலஸ் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 19

அறைத்தோழி பிரிட்டா: "ஏன் டெல்லா எப்பவும் கதவத் திறந்து போட்டிருக்கே? நாம என்ன கடையா வச்சிருக்கோம்?"

டன்மோரில் கதவு மூடியிருந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம், யாராவது சூப்போடு வந்து நிற்பார்கள் என்றேன்.

"அய்யோ, மூச்சு முட்டாதா?"

முட்டத்தான் செய்தது. அங்கே இருந்தபோது, அப்பா வீட்டை விட்டுப் போன சேதி ஒரு நாள் காலையில் எனக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் சமையல்காரர் வரை தெரிந்துவிட்டது. இங்கே நடைபாதையில் நின்று அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எது மேல்? தெரியவில்லை.

அக்டோபர் 14

பிரிட்டா ஹாக்கி ஆடுகிறவள். அவர்கள் மேசையில் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வந்து உக்காருடி, தூண் மாதிரி நிக்காதே." உட்கார்ந்தேன்.

நவம்பர் 3

இன்று பிரிட்டா வரவில்லை. நான் மட்டும் போனேன். நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

டிசம்பர் 12

தேர்வு வாரம். இதில் மட்டும் இரண்டு கல்லூரியும் ஒன்று. வினாத்தாளை அறைக்கே எடுத்துப் போகலாம், யாரும் காவல் இல்லை. இரண்டு மணி நேரம், புத்தகம் கூடாது. கடைசியில் "யார் உதவியும் பெறவில்லை" என்று கையெழுத்து. வாசகம்கூட அதேதான்.

கழுத்துத் துண்டை மறந்துவிட்டேன் என்று அறைக்குத் திரும்பினேன். பிரிட்டா பொருளாதாரத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். விடைத்தாளுக்குப் பக்கத்தில் நோட்டு விரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூடினாள். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

டிசம்பர் 13

முதலாம் ஆண்டில் நானும் இதையே செய்தேன். தாவரவியல் தேர்வு, மடியில் புத்தகம். சைலஸ் பார்த்துவிட்டான். அப்போது எங்களுக்குள் பழக்கமே இல்லை. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். நீயாப் போய்ச் சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்வேன்." டன்மோர் வழக்கம் அது: பார்த்தவர் முதலில் தப்பு செய்தவரிடம்தான் வர வேண்டும், ஒரு நாள் தர வேண்டும். போய்ச் சொன்னேன். வேறு வினாத்தாள் கொடுத்தார்கள். எழுதினேன், முடிந்தது. வெளியே சைலஸ் எனக்காக நின்றுகொண்டிருந்தான். அன்றிலிருந்துதான் நண்பன். அதைவிடப் பெரிய நல்லதை எனக்கு யாரும் செய்ததில்லை.

அதனால் இன்று காலை பிரிட்டாவிடம் அதே வார்த்தைகளைச் சொன்னேன்.

"என்னை மிரட்டுறியா?"

"இல்ல பிரிட்டா. நானும் கூட வர்றேன்."

"நீ ஒண்ணும் வரவேணாம். வெளிய போ."

டிசம்பர் 14

போய்ச் சொல்லிவிட்டாள். டீன் அலுவலக வாசலில் காத்திருந்தேன். என்னைத் தாண்டிப் போனாள், நான் அங்கே இல்லாதது போல.

டிசம்பர் 15

சைலஸ் என்னைப் பனியில் நிறுத்தி வைத்துத் திட்டினான். "பைத்தியமா உனக்கு? இங்க தானா வந்து ஒத்துக்கிட்டாலும் ஒரு பருவம் வெளிய அனுப்பிடுவாங்க. காலேஜ் விதிக் கையேட்டுல நாப்பத்தோராம் பக்கம். படிக்கலையா?"

படிக்கவில்லை. ஆகஸ்டில் "படித்துப் புரிந்துகொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து மட்டும் போட்டேன். எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள்? — இல்லை, இந்தச் சாக்கு வேண்டாம். அது பொய்க் கையெழுத்து.

டன்மோரில் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் மன்னிப்பு இருந்தது. நான் அவகாசத்தை மட்டும் இங்கே கொண்டுவந்தேன். மன்னிப்பு டன்மோரோடு மூடிப் போனது எனக்கு உறைக்கவே இல்லை.

ஜனவரி 18

விசாரணை. பேசலாமா என்று கேட்டேன், விட்டார்கள். அவளை யாரும் பிடித்துக் கொண்டுவரவில்லை, தானாக வந்து ஒத்துக்கொண்டாள் என்றேன். தண்டனை இன்னதென்று தெரியாமல் அனுப்பியவள் நான் என்றேன். கையேட்டுக் கையெழுத்தையும் சொன்னேன்.

டீன் அம்மாள் கோபப்படவில்லை. "உங்க பழைய காலேஜ் நல்ல காலேஜ்தான் டெல்லா. ஆனா இது அது இல்லையே."

ஒரு பருவம் வெளியே. பிரிட்டா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜனவரி 20

பிரிட்டாவின் ஊரான டுலூத்திலிருந்து அவள் அம்மா வண்டி கொண்டுவந்தார். பெட்டி தூக்கப் போனேன். "நீதானா அந்தப் பொண்ணு?" என்றார். ஆமாம் என்றேன். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பிரிட்டா கடைசியாக: "தப்பு என்னுதுதான். ஆனா உன் ஊர் நியாயத்த ஏன்டி என் தலையில கட்டினே? இந்த ஊர்ல என்ன செய்வாங்கன்னு ஒரு வார்த்தை விசாரிச்சியா?"

விசாரிக்கவில்லை. அய்யோ, என்ன காரியம் செய்துவிட்டேன்.

பிப்ரவரி 9

ஹாக்கி மேசையில் காலி நாற்காலி இருந்தது. நான் போவதற்குள் ஒருத்தி தன் பையைத் தூக்கி அதில் வைத்தாள்.

மார்ச் 2

அம்மாவிடம் போனில் சொன்னேன், "நான் திரும்பிப் போயிடறேன்."

"எங்கடி திரும்பிப் போவே? அந்தக் காலேஜ்தான் இல்லையே."

மார்ச் 21

சைலஸோடு சாப்பிட்டேன். அவன் நாடகக்கார மேசையில் சேர்ந்துவிட்டான். ஊரோடு ஒத்துப் போகிறான். குறை சொல்ல நான் யார்?

ஏப்ரல் 17

அடுத்த ஆண்டு அறைகளுக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் குலுக்கல்; சீட்டு வரும் வரிசையில் அறையைத் தேர்ந்தெடுக்கலாம். வளாகத்தில் இல்லாதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கலாம். என் முறை வந்ததும் விடுதி அலுவலர் பட்டியலைப் பார்த்து, "உனக்கு ரெண்டு ரூம்" என்றார். பிரிட்டா தன் அறையை எடுக்க என் பெயரைக் கொடுத்திருந்தாள். ஹாக்கிக்காரிகள் எட்டுப் பேர் அங்கேதான் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி பெயரையும் கொடுக்கவில்லை.

அவசரமாகப் போனைத் திறந்து பார்த்தேன். அவளிடமிருந்து மின்னஞ்சல், காலையிலேயே வந்திருக்கிறது. "ஒத்தை ரூம். நீ இருக்கற கட்டடத்துல வேண்டாம். ஹாக்கிக்காரிங்க எனக்குன்னு சொல்லிட்டு நல்லத தங்களுக்கே எடுத்துக்குவாளுங்க. நீ சொன்னபடி செய்வே."

நான் எடுத்த அறைக்கு இரண்டு கதவு தள்ளி நல்ல ஒற்றை அறை ஒன்று காலியாக இருந்தது. எடுக்கவில்லை. திடலுக்கு அந்தப் பக்கம், வடக்குக் கட்டடம், மூன்றாவது மாடி. எண்ணை அனுப்பினேன்.

சற்று நேரத்தில் பதில் வந்தது: "ஜன்னல் எந்தப் பக்கம்?"

ஜனவரிக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன், கிழக்கு என்று.