லொறிக்குத் தணல்

ஜன. 19, திங்கள்

விடியலில் மூடுபனி இல்லை. வானம் கழுவித் துடைத்தது போல். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. மேகம் இருந்தால் குளிர் ஒரு அளவோடு நிற்கும், வானம் திறந்து கிடந்தால் பனி உறையும் என்பார். ஓடைக்கரைப் புல் முழுக்க வெள்ளை. பாடம் சொல்ல முன்பள்ளிக்குப் போகும்போது செருப்புக்கு அடியில் அப்பளம் போல நொறுங்கியது.

அப்பா ஓட்டும் தேயிலைக் கொழுந்து லொறி இன்றும் தாமதம். பேட்டரி கிழடு. புதிது வரும் என்று தோட்டத் துரை சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்தக் குளிரில் எஞ்சின் எண்ணெய் களி மாதிரி கட்டிக்கொள்கிறது, இறக்கத்தில் உருட்டினாலும் எஞ்சின் சுற்றுவதில்லை. ஆகவே அப்பாவின் வைத்தியம்: ஃபெக்டரி அடுப்பிலிருந்து ஒரு தகரம் நிறையத் தணல். அதை எஞ்சினுக்கு அடியில் தள்ளி, மேலே சாக்குப் போட்டு மூடி, ஒரு பீடி குடித்து முடிக்கும் வரை காத்திருப்பது. பிறகு உருட்டிக் கியரில் விட்டால் இருமிக்கொண்டே உயிர் வரும்.

அடுப்பு பார்க்கும் முருகையா மாமா தினமும் கேட்கிறார். "என்னா டிரைவரு, ஒங்க மாமியாருக்கு இன்னும் குளிரு விடலயா?" லொறியைத்தான்.

மத்தியானம் மிட்வைஃப் மிஸ் வந்தார். பாதை அறுந்த இடத்திலிருந்து நடந்தே. போன பெருமழையில் சரிந்தது, இன்னும் கல்லும் சேறும்தான். ஆட்டோ வராது. ஆம்புலன்ஸ் வராது. எங்கள் மேல்கணக்குக்கு, தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, இப்போது ஏறி இறங்குவது அந்த லொறி ஒன்றுதான்.

அக்காவுக்குப் பிரஷர் கொஞ்சம் கூட. கால் வீக்கம். மாத்திரை கொடுத்தார். சனிக்கிழமை வார்டில் சேர்க்க வேண்டுமாம். "அதுக்கு முன்ன தலைய வலிச்சாலோ, கண்ணு மங்குனாலோ, ஒரு நிமிசம் யோசிக்கக் கூடாது. கீழ எறக்கிறணும். தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து."

அக்கா தலையாட்டினாள். அவள் எதற்கும் தலையாட்டுகிறவள்.

ஜன. 20, செவ்வாய்

மீண்டும் வெள்ளை. குளித்தேன் என்று சொல்ல முடியாது.

தீப்பெட்டி நனைந்துபோயிற்று. பக்கத்து வீட்டு மாரியாயி அத்தையிடம் கொள்ளி கேட்டேன். சிரித்தார்.

"செவ்வாயும் அதுவுமா நெருப்புக் கேக்குறியே. படிச்ச புள்ளதானா நீயி?"

செவ்வாயும் வெள்ளியும் வீட்டு நெருப்பை வெளியே கொடுத்தால் லட்சுமியும் கூடவே இறங்கிப் போய்விடுவாளாம். அவர் வீட்டு மகாலட்சுமி போன வருடம் ஒழுகும் கூரையின் கீழ் எப்படி இருந்தாள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கினேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று அக்காவை அழைத்து வந்தோம். பூண்டுலோயாவில் அவள் மாமியார் வீட்டு வாசலிலேயே பஸ் நிற்கும். அத்தான் கொழும்பில் ஹாட்வெயார் கடையில் வேலை, தினமும் போன் எடுத்து "அங்க குளிரா?" என்று கேட்கிறார். அக்கா "இல்லங்க" என்கிறாள். இரண்டு ஸ்வெட்டர், மேலே அப்பாவின் கோட்டு.

சைபீரியாவில் குளிர்காலம் முழுவதும் லொறியை அணைக்கவே மாட்டார்கள் என்று எதிலோ படித்தேன். அப்பாவிடம் சொன்னேன்.

"அவங்களுக்கு டீசல் யாரு குடுக்குறா?"



ஜன. 21, புதன்

செய்ய வேண்டியவை: பிள்ளைகளின் நிறைப் பதிவு. நூலகப் புத்தகம். அக்காவுக்கு ஆரஞ்சு. அப்பாவுக்கு இருமல் மருந்து.

எதுவும் செய்யவில்லை.

காலையில் எஞ்சினிலிருந்து ஒழுகிய எண்ணெய் தணலில் சொட்டி, குபீரென்று தீ எழுந்தது. வண்டிக்கு அடியிலேயே. அப்பா ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார். ஒரு புருவம் பாதி இல்லை. முருகையா மாமா ஓடிவந்தார். இன்று கிண்டல் இல்லை.

"தணலு மட்டும் போடுங்க, டிரைவரு. எரியிற கட்ட ஒண்ணு கலந்தாலும் வண்டியும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க."

வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்றார் அப்பா. அம்மா புருவத்தைப் பார்த்தார். தேங்காயெண்ணெய் எடுத்து வந்தார்.

குளிர்ந்த காற்று தண்ணீர் போலப் பள்ளம் பார்த்து ஓடும். எங்கள் லயத்து வரிசை வீடுகள் பள்ளத்தில். மேட்டில் துரை பங்களா, அங்கே பனி உறைவதில்லை. லயம் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்குமா என்று வெகுநேரம் யோசித்தேன்.

ஜன. 22, வியாழன்

வெயில் ஏறியதும் தெரிந்தது. பள்ளத்துத் தேயிலை முழுவதும் கருகல். வெந்நீர் ஊற்றினாற் போல் முதலில் தொங்கியது, மத்தியானத்துக்குள் பழுப்பு, மாலையில் கறுப்பு. தொட்டால் தூளாகிறது.

பெரட்டில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும்போது கங்காணி சொன்னது இங்கே வரை கேட்டது. "நாளைக்குக் கொழுந்து மல இல்ல. எல்லாம் கவ்வாத்துக்கு, கருகுனத வெட்டணும். ஃபெக்டரியும் ஓடாது."

அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது.

கொழுந்து இல்லாவிட்டால் ஃபெக்டரி இல்லை. ஃபெக்டரி இல்லாவிட்டால் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லாவிட்டால் தணல் இல்லை.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "சனிக்கெழம அடுப்பு மூட்டுவாங்க, பாப்பா. நடுவுல ஒரு நாளுதான்." என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்தபடி சொன்னார்.

இப்போதே இறக்கிவிடலாமே என்றேன். அக்கா உள்ளேயிருந்து, "எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா எல்லாரையும் அலைக்கழிக்காத" என்றாள். அவள் நன்றாகத்தான் இருந்தாள். சாப்பிட்டாள். கையெட்டும் தூரத்தில் இருந்த கோப்பையைத் தடவித் தடவி எடுத்தாள், அவ்வளவுதான். விளக்கு மங்கல் என்று நினைத்தேன்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஜன. 23, வெள்ளி. காலை

அவர்கள் போய்விட்டார்கள். எழுத்து கோணல். எழுதாவிட்டால் சும்மா உட்கார வேண்டும்.

விடியும்போது அக்கா அம்மாவைக் கூப்பிட்டாள். தலை பிளக்கிறது என்றாள். நேற்றிலிருந்தாம். பிறகு, "ஏம்மா வெளக்கப் போடல?" என்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்பா லொறிக்கு ஓடினார். கூரையிலிருந்து சக்கரம் வரை வெள்ளை. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், பிறகு அதுவும் இல்லை. எங்கள் அடுப்பை அம்மா தகரத்தில் கவிழ்த்தார். தணல் தகரத்தின் அடியைக்கூட மறைக்கவில்லை. விறகு எரித்துத் தணலாக்க நேரம் இல்லை. எரியும் கட்டையை அடியில் வைக்க முடியாது, அது புதன்கிழமை பார்த்தது.

லயத்தில் பாதி வீடுகளில் கேஸ் அடுப்பு. மீதி வீடுகளுக்குத் தகரத்தோடு ஓடினேன். மாரியாயி அத்தை வாசலில் நின்றார். உள்ளே சாமி விளக்கு. அப்போதுதான் கிழமை நினைவுக்கு வந்தது.

"அத்த, கொஞ்சம் தணல்."

"வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்திட்டேனே, தாயி."

"அக்காவுக்குக் கண்ணு தெரியல, அத்த."

 என் கையிலிருந்த தகரத்தைப் பார்த்தார். பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார்.

"நான் நெருப்புக் குடுக்க மாட்டேன். தண்ணி புடிக்கப் போறேன். என் அடுப்புல என்னா இருக்கு, என்னா இல்லன்னு எனக்குத் தெரியாது." இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே, "இடுக்கி செவுத்துல தொங்குது" என்றார்.

அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் அந்த வீட்டுப் பெண்ணும் குடத்தோடு வெளியே வந்துவிட்டார். அதற்கு அடுத்த வீட்டிலும். குழாயடியில் அத்தனை பெண்கள், குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கிறது, ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. "என்னாடி, இன்னிக்கி எல்லாருக்கும் ஒண்ணாத் தாகமா?" என்று யாரோ கேட்க, "பேசாம நில்லு" என்று மாரியாயி அத்தை.

ஒரு வீடும் நெருப்புக் கொடுக்கவில்லை. தகரம் நிறைந்தது.

அப்பா பீடி பற்றவைக்கவில்லை. சாக்கைப் பிடித்தபடி குந்தியிருந்தார். பெரட்டுக்குப் போக வந்த ஆண்கள் தள்ள வந்தார்கள், முருகையா மாமா முன்னால். முதல் தடவை கியரில் விட்டதும் சக்கரம் இழுபட்டு நின்றது. இரண்டாவது தடவை இறக்கம் பாதி போய்விட்டது. இறக்கம் முடிந்தால் சமதரை, அப்புறம் தள்ளி மேலே ஏற்ற ஆளில்லை. மூன்றாவது தடவை ஒரு வெடி, கரும்புகை, நின்றது போல ஒரு மூச்சு, பிறகு ஓட ஆரம்பித்தது.

முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். அப்பா, அம்மா, நடுவில் அக்கா. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என் முகத்துக்கு நேரே பார்த்து, "பாப்பா எங்கம்மா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"இங்கதான் நிக்கிறேன்" என்றேன்.

பாதை அறுந்த இடத்தில் எஞ்சின் உறுமியது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

வெள்ளி. மாலை

முன்பள்ளிக்குப் போகவில்லை. அத்தான் கொழும்பிலிருந்து பஸ் ஏறிவிட்டார். மாரியாயி அத்தை சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, சேதி கேட்காமல் போனார். அவர் அடுப்பில் மீண்டும் புகை.

இப்போதுதான் அப்பா போன் எடுத்தார். பின்னால் யாரோ சிங்களத்தில் பெயர் கூப்பிடும் சத்தம்.

"ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டு போயிட்டாங்க, பாப்பா. அம்மா கதவுகிட்டயே நிக்கிது."

"எப்பப்பா?"

"மத்தியானமே."

"டொக்டர் என்னா சொன்னாரு?"

"வலிப்பு வந்துச்சு, இனி காத்திருக்க ஏலாதுன்னாரு. கையெழுத்துக் கேட்டாங்க. போட்டேன்." இருமினார். இருமல் நிற்கக் காத்திருந்தேன். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க எப்ப வருவீங்க?"

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுத்தான் வருவேன். நீ கதவச் சாத்திக்கிட்டுப் படு."

வைத்துவிட்டார். அதன் பிறகுதான் எண்ணினேன். பிள்ளையோடு மூன்று பேர் வர வேண்டும்.

அம்மா. அக்கா.