திரும்பி வரும் எண்ணம்

என்னங்க,

இப்படித்தான் தொடங்க வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து உங்களைக் கூப்பிட்டது அப்படித்தானே. இங்கே நான் நலம். நீங்களும் நலம் என்று மகள் சொல்கிறாள். போனில் உங்களைப் பிடித்தால் "சரி, சரி" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது, அதனால் எழுதுகிறேன். மகள் வீட்டுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்ட முழங்கால் எப்படி இருக்கிறது? பயிற்சி செய்கிறீர்களா, டிவி முன்னால் காலை நீட்டிக்கொண்டு செய்ததாகப் பேர் பண்ணுகிறீர்களா?

வீட்டு விஷயம் இங்கே முற்றிவிட்டது. பழைய வீட்டுக்காரர் இருந்தவரை தொல்லை இல்லை. வீடு அவர் மகன் கைக்கு வந்ததிலிருந்து மாடிப்படி விளக்கைக் கழற்றுவது, மோட்டாரை நிறுத்துவது என்று சேட்டைதான். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு ஏறுகிறார்கள். இடித்துக் கட்ட வேண்டுமாம், காலி செய்யச் சொல்லி வழக்கே போட்டுவிட்டான்.

இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். வக்கீல் சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். எழுபது வயது கடந்தவர் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டை இஷ்டத்துக்குக் காலி செய்யச் சொல்ல முடியாதாம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருப்பதால் பாதுகாப்பும் உங்களுக்குத்தானாம். "உங்களுக்கு இன்னும் அந்த வயசாகலையேம்மா" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு எரிச்சல்பட்ட பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதைத்தான் வீட்டுக்காரர் மகன் பிடித்துக்கொண்டான். வாடகைக்கு இருந்த பெரியவர் மகள் வீட்டோடு போய்விட்டார், இங்கே குடியில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். நீதிமன்றத்திலிருந்து அதிகாரி பார்க்க வருவார் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் சட்டையைக் கொடியில் போட்டேன். பழைய செருப்பை வாசலில் வைத்தேன். புதிதாக ஒரு பல் தேய்க்கும் பிரஷ் வாங்கி, தினமும் காலையில் நனைத்து உங்கள் குவளையில் வைத்தேன்.

அதிகாரி வந்தார், கூடவே அவனும். பிரஷைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருக்கிறது என்று அதிகாரி எழுதப் போனார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "சார், அவருக்கு வாயில ஒரு பல்லு கிடையாது. பல்செட்டு சார்!" என்றான். எனக்கு மானமே போயிற்று. உங்களுக்குப் பல்செட் என்பது எப்படித்தான் மறந்ததோ. ரொம்ப நாளாகப் பார்க்காமல் இருந்ததில் பழைய முகம்தான் மனதில் நின்றிருக்கிறது போல.

அதிகாரி நல்ல மனிதர், சிரிக்கவில்லை. வைத்தியத்துக்குப் போனால் குடி பெயர்ந்ததாக ஆகாது, திரும்பி வரும் எண்ணம் இருந்தால் போதும் என்றார். "வருவாராம்மா?" என்று கேட்டார். வருவார் என்று சொல்ல வாயைத் திறந்தவள், "அவரையே கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். முழங்கால் எப்போதோ தேறிவிட்டது, சாயங்காலம் பூங்காவைச் சுற்றுகிறீர்கள் என்று மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டார். உங்கள் துணிக்கென்று அங்கே தனி அலமாரியும் வாங்கியாயிற்றாமே. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நீயும் இங்கேயே வந்துவிடு என்று அவளிடம் சொல்லி அனுப்புகிறீர்கள். மகள் தங்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒரு டம்ளர் எடுக்கக்கூட நான் அவளைக் கேட்கிறேன். என் தையல் மிஷினை எந்த மூலையில் போடுவேன்? இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெருவே என்னைக் கேட்டுத்தான் நடக்கிறது.

சிகிச்சைக்குத்தான் வந்தேன், என் வீட்டுக்குத் திரும்பிப் போவேன் என்று உங்கள் கைப்பட ஒரு வரி எழுதி அனுப்பினால் வீடு நிற்கும் என்கிறாள் வக்கீல் பெண். ஆனால் ஒன்று. வீட்டைக் காப்பாற்றுவதற்காக மட்டும் அதை எழுத வேண்டாம். பிரஷில் பட்ட வெட்கமே எனக்குப் போதும். வருவதாக இருந்தால் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் நம் மாடிப்படி ஏறத் தாங்க வேண்டும். படியில் இன்னும் விளக்கு இல்லை, வரும் நேரம் சொன்னால் டார்ச்சோடு கீழே நிற்பேன்.

இன்னும் வயதாகாத
உங்கள் மனைவி